ஊஞ்சல் சங்கிலியில் நின்ற படகு

சென்ற வாரம் வெல்ட் கீ துறைமுகப் பக்கம், படகுச் சாமான் விற்கும் கடையொன்றில் மழைக்கு ஒதுங்கினேன். நங்கூரச் சங்கிலி வாங்க வந்த ஒருவர், துத்தநாகம் பூசியதா, துருப்பிடிக்காத எஃகா என்று கடைக்காரரோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். எனக்கோ மூலையிலிருந்த தார் டின்னின் வாசனையில் வயிறு கலங்கியது. நீங்கள் சிரிப்பீர்கள்; என் வயிற்றுக்கு இன்னும் ஜப்பான்காரன் காலம் முடியவில்லை.

அப்போது நான் மாணிக்கம் அண்ணன் படகில் கூலி. அதற்குமுன் ஒரு கடையில் கணக்கு எழுதியவன், சண்டையில் அது மூடியதும் மரவள்ளிக்கிழங்கு மூட்டைகளோடு அக்கரையிலிருந்த பிறைக்கும் எங்கள் தீவுக்கும் அலைந்தேன். பாதிநாள் வாந்தி. ஆனாலும் விடவில்லை. படகு அனுமதி இருக்கும்வரைதான் எங்களைச் சயாமுக்கு ரயில்பாதை போடப் பிடித்துப் போகமாட்டார்கள்.

எங்கள் இரும்புச் சங்கிலியை ஜப்பான்காரர்கள் எடுத்துக்கொண்டார்கள். தேங்காய்நார்க் கயிறு கட்டினோம். கடலடிச் சிப்பிகள் அதை அறுத்துவிட, படகு போய்ப் படகுத்துறையில் மோதியது. நாளை வந்து பார்ப்பேன், நங்கூரம் நிற்காவிட்டால் அனுமதி கிடையாது என்று ஜப்பான் அதிகாரி சொல்லிவிட்டான்.

அண்ணன் மனைவி பொன்னம்மா அக்கா வீட்டு ஊஞ்சலைக் கழற்றினார். நாகப்பட்டினத்திலிருந்து கல்யாணச் சீராகக் கப்பலேறி வந்த பித்தளைச் சங்கிலி. பித்தளை இளசு, நீரோட்டத்தில் நீண்டுவிடும் என்று அண்ணன் இழுத்தார்.

“நானும் என் நாத்தனாருங்க ரெண்டு பேரும் சேந்து ஆடுனது. ஒங்க படகு எங்கள விட கனமா என்ன?”

அண்ணன் போய்த் தார் டின்னை எடுத்துவந்தார். பித்தளையைக் கண்டால் அதையும் பிடுங்குவார்கள் என்று கண்ணி கண்ணியாகத் தார் பூசினோம். கடலடியில் கிடக்க அந்தச் சங்கிலி, மேலே கயிறு.

மறுநாள் அதிகாரி வந்தபோது படகு கல்லாக நின்றது. சங்கிலியைத் தூக்கச் சொன்னான். சிப்பி உரசிய ஒரு கண்ணி மஞ்சளாகப் பளிச்சிட்டது. எனக்கு உயிர் போய் வந்தது. அண்ணன் அதன்மேல் வெறுங்காலை வைத்துக்கொண்டு, இடுப்பு ஒடியக் குனிந்து வணங்கினார். அதிகாரி தலையாட்டிவிட்டுப் போனான். அப்பாடா என்று மூட்டைமேல் விழுந்தவன், சிரித்தேனா அழுதேனா, தெரியாது.

சண்டை முடிந்ததும் அக்கா புளி போட்டுத் தேய்த்து ஊஞ்சலை மாட்டினார். இடுக்கில் ஏறிய தார் மட்டும் போகவில்லை. ஆடியவர் சட்டையிலெல்லாம் கறை. ஒருநாள் நான் என் சட்டையைக் காட்டி முணுமுணுத்தேன்.

“கறைதானேலா தம்பி. ஆள் இருக்கீங்கல்ல, அது போதும்.”

அண்ணனும் அக்காவும் போய்விட்டார்கள். அந்த வீடு இப்போது ஹோட்டல். ஊஞ்சல் போன இடம் தெரியவில்லை. அன்று கடையில் தார் டின்னில் உரசிவிட்டேன் போல, வெள்ளைச் சட்டையில் ஒரு கறுப்புக் கோடு. மருமகள் திட்டித் தீர்த்தாள். நான் சிரித்துக்கொண்டு நின்றேன். கறைதானே என்று எனக்காகச் சொல்ல அக்கா இல்லை.