தலைமாட்டுச் சுவர்

முதலில் நின்றுபோனது ஒரு வாக்கியம். பதினொன்றாம் வகுப்பில் தாவரவியல் நடத்திக்கொண்டிருந்தேன். பாதி சொல்லிவிட்டேன், மீதிக்கு மூச்சு இல்லை. மேசையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கேள்வி கேட்கப்போகிறேன் என்று நினைத்துப் பிள்ளைகள் தலையைக் குனிந்துகொண்டார்கள்.

பிறகு வறட்டு இருமல். காசநோய் மருத்துவமனை இருக்கிற தாம்பரத்தில் ஒருவர் மூன்று வாரம் இருமினால் ஊர் நினைப்பது காசநோயைத்தான். நானும் அதையே நினைத்தேன். வராத சளியை வரவழைத்துப் பரிசோதித்தார்கள். இல்லை. ஆஸ்துமா என்று இன்ஹேலர் (மருந்தைப் புகைபோல உள்ளே இழுக்கும் கருவி) தந்தார்கள். நான்கு மாதம் இழுத்தேன். பள்ளியின் மாடிப்படிகள் வாரத்துக்கு ஒன்றாகக் கூடிக்கொண்டே போயின.

புகைபிடிக்கும் பழக்கம் உண்டா, விறகடுப்பா, கம்பெனி வேலையா என்று எல்லோரும் கேட்டார்கள். எதுவும் இல்லை. லாரிப் புழுதிக்குப் பயந்து ஜன்னலைக்கூடச் சாத்தியே வைத்திருந்த வீடு எங்களுடையது.

ஐந்தாவதாகப் பார்த்த நுரையீரல் மருத்துவர்தான் வேறு மாதிரி கேட்டார்.

“வெளியூர் போனா எப்படிம்மா இருக்கு?”

“சேலத்துல தங்கச்சி வீட்ல பத்து நாள் இருந்தேன் டாக்டர். இருமலே இல்ல. வெயில் ஊராச்சே, அதனாலன்னு நினைச்சேன்.”

“உங்க வீட்ல சுவர் ஈரமா இருக்கா?”

என் கணவர் பாஸ்கர் முந்திக்கொண்டார். “இல்ல மேடம். பேனல் அடிச்சிட்டோம்.”

மருத்துவர் பேனாவைக் கீழே வைத்தார். “பேனலுக்குப் பின்னாடி?”

முடிச்சூர்ப் பக்கம் வீடு. வெள்ளம் வந்த ஆண்டு படுக்கையறையில் இடுப்பளவு தண்ணீர் நின்றது. தண்ணீர் வடிந்தது, சுவரில் ஏறிய ஓதம் வடியவில்லை. இரண்டு முறை பெயின்ட் அடித்தோம். உப்புப் பூத்து உதிர்ந்தது. கடைசியில் பாஸ்கர் தேக்கு நிறத்தில் பிளாஸ்டிக் பேனல்களை வாங்கி, தரையிலிருந்து கூரைவரை சுவரை மூடினார். எங்கள் கல்யாண நாளுக்கு அவர் தந்த பரிசு அது. அதையொட்டிக் கட்டிலைப் போட்டோம். ஆறு வருடம் அங்கேதான் தலைவைத்துப் படுத்தேன்.

அன்று வீட்டுக்கு வந்து ஒரு பேனலைக் கழற்றினோம். கறுப்பும் பச்சையுமாகப் பூஞ்சை, வெல்வெட் துணியைப்போல மெத்தென்று. இருபது வருடம் அதன் படத்தைக் கரும்பலகையில் வரைந்து பாகம் குறித்தவள் நான். பூஞ்சையின் வித்துகள் எதன் மூலம் பரவுகின்றன என்று ஒரு மதிப்பெண் கேள்வி கேட்டவள். விடை: காற்று.

நோயின் பெயர் அதியுணர்வு நுரையீரல் அழற்சி (மூச்சோடு உள்ளே வரும் நுண்துகளைப் பகையென்று எண்ணி, உடம்பு தன் நுரையீரலையே புண்ணாக்கிக்கொள்வது). ஸ்கேனில் அங்கங்கே வடு தெரிந்தது (புண் ஆறி இறுகிய இடம், அது திரும்ப நுரையீரல் ஆகாது). பாஸ்கரும் அதே அறையில்தான் படுத்தார். அவருக்கு ஒன்றுமில்லை. அந்த நியாயத்தை எனக்கு விளக்க யாராலும் முடியவில்லை.

ஸ்டீராய்டு மாத்திரை எழுதிக்கொடுத்த மருத்துவர் சொன்னார்: “மாத்திரை பாதி வேலைதாம்மா செய்யும். அந்த வீட்டை விட்டுப் போறதுதான் மீதி.”

வீட்டை விற்காமல் வேறு வீட்டுக்கு வாடகை கொடுக்க எங்களால் ஆகாது. பாஸ்கர் கழற்றிய பேனலைத் திரும்பப் பொருத்தினார். நான்தான் ஒவ்வொரு ஸ்க்ரூவாக எடுத்துக் கொடுத்தேன். ஹாலில் படுத்துக்கொண்டு, வாங்க வருகிறவர்களுக்காகக் காத்திருந்தேன்.

புரோக்கர் செல்வம் முன்கூட்டியே வந்து சொன்னார். “அக்கா, பார்ட்டி வந்துகினு கீறாங்க. அவங்க போறவரிக்கும் இருமாத. வூட்டுக்கே நோவுன்னு நெனச்சிப்பாங்க. டீ வேணா குடு, கஷாயம் கிஷாயம் கொதிக்க வச்சிடாத.”

வந்தவர்கள் இளம் தம்பதி. படப்பையில் வாடகைக்கு இருந்தார்கள். கிச்சன், பாத்ரூம், மொட்டைமாடி என்று நிதானமாகப் பார்த்தார்கள். நான் இருமலைப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே நடந்தேன். இருமலை அடக்குவது சிரிப்பை அடக்குவது மாதிரி இல்லை. கதவுக்கு அந்தப் பக்கம் ஒரு கூட்டம் முட்ட, ஒற்றை ஆளாகத் தாழ்ப்பாளைப் பிடித்துக்கொண்டு நிற்பது மாதிரி. கண்ணில் நீர் கோத்துக்கொண்டது. வீட்டைப் பிரியும் துக்கம் என்று அவர்கள் நினைத்திருக்கலாம்.

படுக்கையறையில் அந்தப் பெண் பேனலைத் தடவிப் பார்த்தாள். “சூப்பரா இருக்குக்கா. தலமாடு இந்தப் பக்கம்தானே?”

“வேணாம்மா. பின்னாடி முழுக்கப் பூஞ்சை. என் நுரையீரல் போனதே இதுலதான்.”

அதற்குமேல் தாழ்ப்பாள் நிற்கவில்லை. குனிந்து, கதவைப் பிடித்துக்கொண்டு, வாய்விட்டு இருமினேன். செல்வம் நெற்றியில் அடித்துக்கொண்டார். பாஸ்கர் தரையைப் பார்த்தார். போயிற்று, இனி இந்த வீட்டிலேயே சாகவேண்டியதுதான் என்று நினைத்தேன்.

அந்தப் பெண்ணின் கணவர் சிரித்தார். “எந்த வீட்லக்கா ஓதம் இல்ல? இப்ப இருக்கற வீட்ல மழை வந்தா பக்கெட் வைக்கிறோம். ரேட்டை மட்டும் பாத்துக் கொறைங்க.”

“அதான் பேனல் இருக்கே, வெளிய தெரியாதுல்ல,” என்றாள் அவள். தண்ணீர் கொண்டுவந்து கொடுத்து, என் முதுகையும் தடவிவிட்டாள்.

வாங்கிவிட்டார்கள். செல்வம் மட்டும் ஆறவில்லை. “உண்மைய சொன்ன, வெல கொறஞ்சிது. வேற இன்னா ஆச்சு, சொல்லு?”

மாடம்பாக்கத்தில் இரண்டாவது மாடியில் குடியிருக்கிறோம். இருமல் ஓய்ந்துவிட்டது. வடு அப்படியே இருக்கிறது. காரணம் தெரியாமல் இருமிக்கொண்டிருப்பவர் நீங்கள் என்றால், பீரோவை நகர்த்திச் சுவரைப் பாருங்கள். வெளியூரில் இருமல் குறைந்தால், மருத்துவர் கேட்கும்வரை காத்திருக்காமல் நீங்களே சொல்லுங்கள். உங்களுக்குத் தர என்னிடம் இருப்பது இவ்வளவுதான்.

கோடையில் என் உடம்பு எல்லோருடையதும் போலத்தான். ஐப்பசி மழை தொடங்கியதும் எனக்குள் வேறொரு காலண்டர் விரிகிறது. மண் நனைய மூன்று நாள். அந்த வீட்டின் அஸ்திவாரம் குடிக்க ஒரு வாரம். ஈரம் கட்டில் உயரத்துக்கு ஏற இன்னும் பத்து நாள். இத்தனையையும் தடையில்லாமல் மூச்சு விட்டபடி எண்ணுகிறேன்.

அந்தப் பெண்ணின் எண் என் போனில் இருக்கிறது. ஒருமுறைகூட அழைத்ததில்லை. போனை எடுத்ததும், ஹலோ சொல்வதற்கு முன்பே, அவள் இருமிவிடுவாளோ என்று பயமாக இருக்கிறது.