கிளிப்பச்சை விலைபோகவில்லை

கீரமங்கலம் கடைவீதியின் கடைக்கோடியில், புளிக் கிடங்குக்குப் பக்கத்தில், சொர்ணவல்லி ஜவுளிக்கடை போட்டது ஐம்பத்தைந்தாம் வருஷம். புருஷன் காலராவில் போனபின், தலையில் துணிமூட்டை சுமந்து ஊர் ஊராக விற்றவள். கடை என்று ஒன்று வந்தும் ஆள் வரவில்லை. வீதி முனையில் கண்ணாடி அலமாரியும் மின்விளக்குமாக ஒரு பெரிய கடை இருந்தது. வருகிற சனமெல்லாம் அங்கேயே நின்றுவிடும்.

கண்ணாடி வாங்க அவளுக்கு வக்கில்லை. வெள்ளைத் துணிக்குப் போடும் நீலத்தைச் சுண்ணாம்பில் கரைத்துப் பின்சுவர் முழுக்கத் தானே அடித்தாள். அதன்மேல் ஒரு மஞ்சள் சேலையை விரித்து மாட்டினாள். பஸ் திரும்பும்போதே அது கண்ணைப் பிடித்து இழுத்தது. எந்த நிறத்துக்குப் பக்கத்தில் எது எடுப்பாகத் தெரிகிறது, எது மங்குகிறது என்று தெருவில் போய் நின்று பார்த்துப் பார்த்து மாற்றினாள். மூட்டையில் கிடந்தபோது ஏறெடுத்தும் பார்க்காத மட்டத் துணியை இப்போது கேட்டு வந்தார்கள்.

உடுத்திக் காட்ட ஓர் உருவம் இருந்தால் இன்னும் எடுப்பாக இருக்குமே என்று தோன்றியது. கோயிலுக்கு மண்குதிரை செய்யும் ஆண்டிச்சாமி வேளாரிடம் போனாள். கொட்டகை மூலையில் ஆளுயரத்தில் ஒரு மண் பெண் நின்றாள்.

"நேந்துக்கிட்டுச் செய்யச் சொன்னாங்க தாயி. எடுத்துட்டுப் போக யாரும் வரல. வேணும்னா வண்டியில ஏத்திக்க" என்றார் வேளார்.

மேற்கொண்டு அவள் கேட்கவில்லை.

பொம்மையை நீலச் சுவரின் மூலையில் நிறுத்தி, எழுதாமல் விட்டிருந்த கண்ணை அவளே எழுதினாள். பார்வை முந்தானையில் விழும்படி தாழ்த்தி எழுதினாள். திருஷ்டிக்காக இடது காதுக்குக் கீழே மையால் ஒரு பொட்டும் வைத்தாள்.

முதல் நாள் கட்டிவிட்ட அரக்குச் சேலை உச்சிப்பொழுதுக்குள் போய்விட்டது. மறுநாள் மஞ்சளும் அப்படியே. அதே சேலை அடுக்கில் இருந்தாலும் பெண்கள் தொடமாட்டார்கள். "அது கட்டியிருக்கிறதையே அவுத்துக் குடுங்க" என்பார்கள். வாங்கிக்கொண்டு திரும்பிப் பாராமல் போவார்கள். சொர்ணவல்லிக்குச் சந்தோஷம்தான். ஆனால் ஒருநாள் காலை கடை திறந்தபோது பொம்மையின் பார்வை முந்தானையில் இல்லை. தெருவைப் பார்த்திருந்தது. வெளிச்சத்தால் அப்படித் தெரிகிறது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, மையைக் குழைத்து மறுபடி தாழ்த்தி எழுதினாள். அந்த வாரமே அது மறுபடியும் தெருவைப் பார்த்தது. அதற்குப்பின் அவள் எழுதவில்லை.

ஆவணி மாதம் கிளிப்பச்சைச் சேலை ஒன்றைக் கட்டிவிட்டாள். அது மட்டும் விலைபோகவில்லை. பெண்கள் வருவார்கள், பச்சையைப் பார்த்தபடி நிற்பார்கள். ஒருத்தியும் அவிழ்க்கச் சொல்லவில்லை. வேறு நிறம் மாற்றலாமென்று கொசுவத்தில் கை வைத்தவள் வெடுக்கென்று எடுத்துவிட்டாள். மண்ணுடம்பு வெதுவெதுவென்று இருந்தது. அந்த மூலைக்கு வெயில் வருவதேயில்லை.

சந்தையன்று, ஆள் ஓய்ந்த மத்தியானத்தில், தலை நரைத்த ஒருத்தி வாசலில் வந்து நின்றாள். சொர்ணவல்லியை அவள் பார்க்கவில்லை.

"அழகி... இங்கிட்டா இருக்கே?"

"யாருங்க நீங்க?"

வந்தவள் மூக்காயி, பக்கத்து ஊர்க்காரி. மகள் அழகிக்கு அம்மை போட்டிருந்தபோது, ஒரு பெண்ணுருவம் வைப்பதாக அய்யனாருக்கு நேர்ந்து, கையோடு செய்யவும் சொல்லியிருந்தாள். சூளை பிரிக்குமுன் மகள் போய்விட்டாள். பொம்மையை எடுக்க அவளுக்கு மனம் வரவில்லை.

"வேளாரு எம்மகளப் பாத்ததே இல்ல. ஏதோ ஒரு மூஞ்சிதான் வச்சாரு. ஆனா இந்த மச்சம்..." மூக்காயி பொம்மையின் காதுக்குக் கீழே விரலை வைத்தாள். "இத யாரு சொன்னா ஒனக்கு?"

"திருஷ்டிக்குன்னு நானா வச்ச பொட்டுங்க அது" என்றாள் சொர்ணவல்லி.

"பச்சையின்னா அவளுக்கு உசுரு. வேற எதக் கட்டிவிட்டாலும் அவுத்து அடுத்தவளுக்குக் குடுத்துருவா" என்றாள் மூக்காயி.

மறுநாள் காலை இருவருமாக மாட்டுவண்டி பிடித்து, பச்சைச் சேலையோடு பொம்மையை அய்யனார் கோயில் காட்டுக்குக் கொண்டுபோனார்கள். மண்குதிரைகளுக்கு நடுவில் இறக்கி வைத்ததும்தான் மூக்காயிக்கு அழுகை வந்தது. பொம்மையின் கண் தாழ்ந்திருந்தது. சொர்ணவல்லி கிட்டப் போய் இன்னொரு தடவை பார்த்தாள். தாழ்ந்துதான் இருந்தது.

அதோடு வியாபாரம் படுத்துவிட்டது. ஐப்பசி முழுக்க ஈ ஓட்டினாள். கார்த்திகையில் ஒருநாள், அதுவரை வெள்ளையே உடுத்தியிருந்தவள், கத்தரிப்பூ நிறச் சேலையைக் கட்டிக்கொண்டு நீலச் சுவரின் முன்னால் நின்றாள்.

கொழுந்தன் ரெங்கசாமி ஓடிவந்தார். "தாலியறுத்தவ கலரு கட்டிக்கிட்டு வீதியில நிக்கிறதா?"

"நான் விக்கிறதத்தானே கட்டியிருக்கேன். நாலு பேரு பாத்தாத்தான் வாங்குவாங்க."

அவர் அதன்பின் அந்த வாசலை மிதிக்கவில்லை. ஊர் கொஞ்ச நாள் வாயில் போட்டு மென்றது. பிறகு பெண்கள் வரத் தொடங்கினார்கள். அறுபத்தேழுவரை கடை நடந்தது. தினம் ஒரு நிறம் உடுத்தி நின்றாள். மத்தியானத்தில் கடை வெறிச்சோடியிருக்கும்போது, பின்னால் யாரோ குனிந்து வெதுவெதுப்பான கையால் முந்தானையை நீவிவிடுவதுபோல் இருக்கும். முதலில் திடுக்கிட்டுத் திரும்புவாள். நாளடைவில் திரும்புவதை விட்டுவிட்டு, நீவி முடிக்கும்வரை அசையாமல் நிற்கப் பழகிக்கொண்டாள்.