மகளுக்கு விழுந்த இன்னொரு அகப்பை

"அந்தத் தாளைக் கிழிச்சுப் போடும். உமக்கும் எனக்கும்தானே தெரியும்" என்றார் ரூத். ஆங்கிலத்தில்தான் சொன்னார். எனக்குள் அது எங்கள் பேச்சில் கேட்டது.

மெல்பேர்ணில் ஒரு காப்பகத்தில் பழுதான தாள்களைச் சீர்செய்வது என் வேலை. ஓய்வுபெறும் வருடத்தில், நன்கொடையாகத் தரவென்று ரூத் என்ற மூதாட்டி ஒரு தகரப்பெட்டியோடு வந்தார். ஜெர்மானியர் போலந்தைப் பிடித்து யூதர்களை மதிலுக்குள் அடைத்து வைத்திருந்த காலத்தில், அவருடைய அப்பாவும் நண்பர்களும் இரகசியமாகச் சேர்த்தவை அதில் இருந்தன. ரேஷன் அட்டை, பள்ளிக் கட்டுரை, தெருவில் சொல்லிச் சிரித்த பகிடி, சனம் எழுதிக் கொடுத்த சாட்சியம், எல்லாம். பிடிபட்டால் சாவுதான். அதனால் நிலத்தில் புதைத்தார்கள். போர் முடிந்ததும் அப்பா அதைத் தோண்டியெடுத்து, மகளோடு இங்கே வந்துவிட்டார். சாகும்வரை திறக்கவேயில்லை.

ஈரத்தில் ஊறிக் காய்ந்த தாள்கள் செங்கல்லாக ஒட்டிக் கிடந்தன. ஈரப்பதமூட்டும் பெட்டியில் வைத்து இளக்கி, மெல்லிய தகட்டுக் கத்தியால் ஒவ்வொன்றாகப் பிரித்தேன். எனக்குப் பிறவியிலேயே பொறுமை கிடையாது. சம்பளத்துக்காகப் பழகிக்கொண்டதுதான்.

ஒரு தாள் மட்டும் மெழுகுத்தாளில் சுற்றியிருந்தது. யூதர்களின் இத்திஷ் மொழி என்பதால் ரூத்தே வாசித்தார். அங்கேயே இறந்துபோன அவருடைய அம்மா எழுதியது.

"பொதுச் சமையலறையில் சூப் பங்கிடுவது என் கணவர். எங்கள் மகளுக்கு ஓர் அகப்பை கூடப் போடுகிறார். வரிசையின் கடைசிப் பிள்ளைக்கு இல்லாமல் போகிறது. இதையும் சேருங்கள்."

ரூத்தின் முகம் செத்துப்போனது. "அந்த மகள் நான். அப்பாவைக் கள்ளன் எண்டு சனம் வாசிக்கவோ?" அப்போதுதான் கிழிக்கச் சொன்னார். நன்கொடைப் பத்திரத்தில் அவர் இன்னும் கையெழுத்துப் போடவில்லை. எதையும் திரும்ப எடுத்துக்கொள்ள அவருக்கு உரிமை உண்டு. நான் மெழுகுத்தாளை அவர் முன்னால் வைத்தேன்.

"ரூத், மற்றதெல்லாம் சும்மா கிடக்குது. இதை மட்டும்தான் பத்திரமாச் சுத்தியிருக்கு. புதைக்க முன்னம் பெட்டியைக் கட்டினது ஆர்?"

"அப்பாதான்."

சொன்னவர் அப்படியே கதிரையில் இருந்துவிட்டார். பிறகு அழுதார். "ஓம். அப்ப இருக்கட்டும்" என்று பேனையை வாங்கினார்.

இப்போது மெல்பேர்ணின் நோபல் பார்க்கில், போருக்குத் தப்பி வந்த எங்கள் தமிழ்ச் சனத்தின் சாட்சியங்களைப் பதிகிறோம். ஷெல்லடி, பங்கர் எல்லாம் தடையில்லாமல் வரும். நடுவில் சொல்பவரின் குரல் தாழும். "பிள்ளை, இதை மட்டும் பதியாதேங்கோ." இந்த வேலைக்கு வரும் இளையவர்களுக்குச் சொல்கிறேன்: ரெக்கோடரை நிறுத்துங்கள், எழும்பிப் போய்விடாதீர்கள். நான் அந்த நேரத்தில் ரூத்தின் அம்மாவைப் பற்றிச் சொல்வேன்.

போன கிழமை அப்படித் தடுத்த ஓர் ஐயா, அதைக் கேட்டுவிட்டு நிறுத்தியிருந்த ரெக்கோடரை என் பக்கம் தள்ளினார்.

"இனிப் போடுங்கோ" என்றார். கஞ்சி வரிசையில் தான் இடித்துத் தள்ளிய பெண்ணின் பெயரைச் சொன்னார்.