குழாய் வாயில் ஒரு சனிக்கிழமை

சுவிஸின் பேர்ண் நகருக்கு வெளியே, எங்கள் குடியிருப்பை ஒட்டி ஒரு சிற்றாறு ஓடுகிறது. ஆண்டுக்கொருமுறை ஊர்ச்சனம் கூடி அதைச் சுத்தம் செய்யும். குடியுரிமைக்கு விண்ணப்பித்த ஆண்டில்தான் எனக்கு அந்த ஆற்றின்மேல் காதல் வந்தது. ஊருக்கு என்ன செய்தாய் என்று நேர்முகத்தில் கேட்பார்களாம். இருபது வருடம் உணவகத்தில் கோப்பை கழுவியது கணக்கில் வராதாம். நீண்ட ரப்பர் சப்பாத்து வாங்கினேன். கூட்டாளியான அண்ணையையும் இழுத்துக்கொண்டு போனேன்.

அந்தச் சனிக்கிழமை நாங்கள் குப்பை பொறுக்கவில்லை. மீன் பொறுக்கினோம். வெள்ளை வயிறு மேலே தெரிய, கல்லுக்குக் கல் செத்துக் கிடந்தன. விரல் நீளக் குஞ்சுகளும் கிடந்தன.

"அண்ணை, சொதி வைப்பமோ?" என்றேன். அவர் சிரிக்கவில்லை.

ஊராட்சியான கெமைண்டவின் வடிகால் பொறுப்பாளர் வந்து பார்த்தார். கரையிலிருந்து நீட்டிக்கொண்டிருந்த ஒரு குழாய்க்கு மேலே மீன்கள் உயிரோடு நின்றன. கீழே அநேகமாக எல்லாம் செத்திருந்தன.

"பழைய மழைநீர்க் குழாய்," என்றார். "மேலே மண்டபத்து முற்றத்திலிருந்து வருகிறது. சுத்திகரிப்பு நிலையத்துக்குப் போகாது, நேரே ஆற்றுக்குத்தான். அடுத்த வருடம் மாற்றப்போகிறோம்."

வியாழக்கிழமை அந்த மண்டபத்தில்தான் தெரிந்த பிள்ளை ஒன்று பெரியபிள்ளையானதற்கான சாமத்திய வீடு நடந்தது. சமைத்த கிடாரங்கள் இரவல். இரவல் கிடாரத்தைக் கரியோடு திருப்பிக் கொடுத்தால், கொடுத்த வீட்டாரின் முகத்தில் பிறகு முழிக்க ஏலாது. வெள்ளிக்கிழமை பின்னேரம் நானும் அண்ணையும் முற்றத்தில் அவற்றைக் கவிழ்த்து வைத்து, அடுப்புக் கரி கழற்றும் மருந்தை என் வேலையிடத்திலிருந்து கொண்டுவந்து ஊற்றி, வெள்ளிபோலத் தேய்த்தோம். கழுவிய தண்ணீரை விளக்குமாற்றால் தள்ளி வடிகாலின் இரும்பு மூடிக்குள் இறக்கினேன். போத்தலைக்கூட நிறம் பார்த்துப் பிரிக்கிற நாட்டில், நிலத்திலுள்ள ஓட்டைக்குத் தன் வழி தெரியாதா என்று நம்பிவிட்டேன்.

பொறுப்பாளர் சிவப்புச் சாயத் தூளோடு முற்றத்துக்குப் போனார். ஒவ்வொரு மூடியிலும் கரைத்து ஊற்றுவாராம். குழாய் வாயில் நிறம் வந்ததும் தொலைபேசியில் சொல்ல ஓராள் வேண்டும். கூட்டத்தில் அதிக அக்கறையோடு நின்ற முகத்தைத் தெரிந்தெடுத்தார். அது என் முகம். பயந்த முகமும் அக்கறையான முகமும் ஒன்றுபோல இருக்கும் என்று அவருக்குத் தெரியவில்லை.

"அண்ணை, இது நாங்கள் எல்லோ?"

"வாயை மூடும். வரேல்லை எண்டு சொல்லும். ஆருக்குத் தெரியப்போகுது? பாஸ்போட் வேணும் எண்டு அலையிறது நானோ நீரோ?"

"ஓம், நான்தான்."

"பிறகென்ன?"

தொலைபேசியைக் காதில் வைத்தபடி குழாய் வாயில் இறங்கி நின்றேன். என்னை விமானத்தில் ஏற்றும்போது கிடாரத்தைக் கையில் தருவார்களா, தலையில் கவிழ்ப்பார்களா என்றெல்லாம் யோசித்தேன். முதல் மூடி, ஒன்றும் வரவில்லை. இரண்டாவதிலும் இல்லை. மூன்றாவது எங்களுடையது. குழாயிலிருந்து சிவப்பு கொட்டி, கல்லில் சிக்கியிருந்த ஒரு மீனைச் சுற்றிக்கொண்டு போனது. அந்த மீன் இன்னும் வாய் திறந்து மூடிக்கொண்டிருந்தது.

"வருகிறது," என்றேன்.

"நிச்சயமாகவா?"

"நிச்சயம். நேற்று அதில் ஊற்றியது நான்தான்."

என்ன மருந்து, எவ்வளவு என்று மட்டும் கேட்டார். கீழே உள்ள ஊர்களுக்கு அறிவிக்க வேண்டுமாம். பொலிஸ் வரும், அங்கேயே நில் என்றார்.

அண்ணை என்னைத் திட்டித் தீர்த்தார். பிறகு மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "நானும்தான் தேய்ச்சனான் எண்டு சொல்லும்," என்றார்.

வழக்கு முடியும்வரை விண்ணப்பத்தை நிறுத்தி வைத்திருப்பதாகக் கடிதம் வந்தது. குழாயை மாற்றிவிட்டார்கள். வேலை முடிந்து வரும்போது பாலத்தில் நின்று கீழே பார்க்கிறேன். தண்ணீர் கண்ணாடிபோலத் தெளிவாக இருக்கிறது. குழாய்க்குக் கீழே இன்னும் மீன் வரவில்லை.