கடலுக்குள் நின்ற லாரி

என் வீட்டுக்காரர் பட்டாசு லோடு ஓட்டும் லாரி டிரைவர். வண்டியில் சரக்கு இருக்கும்வரை போனை அணைத்தே வைத்திருப்பார். "வெடிமருந்துக்குப் பக்கத்துல போன் ஆகாது" என்பது அவர் வேதம். சாப்பிட நிறுத்தினால், வண்டியை விட்டு வெகுதூரம் நடந்துபோய்த்தான் ஆன் பண்ணுவார். "சாப்பிட்டியா?" என்பார். மற்ற நேரமெல்லாம் எனக்குத் துணை லாரியில் மாட்டிய ஜிபிஎஸ்தான். திருத்தங்கல் ஆஸ்பத்திரியில் நர்ஸ் வேலைக்கு நடுவே, என் போனில் அந்த நீலப் புள்ளியைப் பார்த்துக்கொள்வேன்.

அது குஜராத்துக்குப் போன தீபாவளி சீசன் லோடு. மத்தியானம் அவர் போன் வரவில்லை. புள்ளியைப் பார்த்தேன். நடுக்கடலில் நின்றது.

ஜெபம் பண்ணப் பார்த்தேன், கோபம்தான் வந்தது. கம்பெனியில் கேட்டால் கணக்குப்பிள்ளை சிரிக்கிறார். "லாரி என்ன கப்பலாக்கா? சும்மா இருங்க." கப்பல் இல்லை என்று எனக்கும் தெரியும். ஆனாலும் பட்டாசு ஊர்க்காரிக்கு, வர வேண்டிய போன் வராவிட்டால் வெடிச் சத்தம்தான் நினைப்பில் வரும்.

சாட்டிலைட் வழிகாட்டி வைத்திருக்கும் பொதுமக்களுக்கு அரசாங்க உதவி எண் ஒன்று இருப்பதாக, லாரியில் ஜிபிஎஸ் மாட்டியவர் சொல்லியிருந்தார். அழைத்தேன். தமிழ் தெரிந்த ஒருவர் வந்தார்.

"எங்க வீட்டுக்காரரு எங்கன இருக்காருன்னு பாத்துச் சொல்லுங்கய்யா."

"சாட்டிலைட்டுக்கு வண்டி தெரியாதும்மா. வண்டிதான் அதோட சிக்னலை வச்சுத் தன் இடத்தைக் கணக்குப் போடுது. புள்ளி கடலுக்குள்ள மெல்லப் போச்சா, தாவுச்சா?"

வந்த தடத்தைப் பார்த்தேன். "தாவிருச்சுய்யா."

"லாரி தாவாதும்மா. அந்தப் பக்கம் இன்னிக்கு சிக்னல் கலங்கியிருக்கு, அதான் கணக்கு தப்பாக் காட்டுது. வேற வண்டிக்காரங்களும் சொன்னாங்க. அவர் ரோட்டுலதான் இருப்பார்." மறுபடியும், "இருப்பார்மா" என்றார். அந்த இரண்டாவது 'இருப்பார்'தான் என்னை அழவைத்தது.

சாயங்காலம் போன் அடித்தது. "சாப்பிட்டியா?" வழியெல்லாம் டிராபிக்காம், வண்டியை விட்டு இறங்கவே முடியவில்லையாம்.

"கடல்ல மீன் எம்புட்டு பிடிச்சீக?" என்று ஆரம்பித்து, தீரும்வரை வைதேன். பாவம், மனுஷனுக்கு ஒன்றும் விளங்கவில்லை. அந்தக் குரல் கேட்டதே எனக்குப் போதும்.

மறுநாள் காலையில் அந்த அரசாங்கக்காரரே கூப்பிட்டார். "உங்க புகாரை முடிச்சாச்சும்மா. இது நானாக் கேக்கறேன். அவர் பேசிட்டாரா?"

"பேசிட்டாருய்யா. நல்லாருக்காரு."

அவர் பக்கத்தில் யாரிடமோ திரும்பி இந்தியில் ஏதோ சொன்னார். எனக்கு இந்தி தெரியாது. ஆனால் அந்த அறையில் நாலைந்து பேர் 'அப்பாடா' என்று மூச்சுவிட்டது நன்றாகக் கேட்டது.