முப்பது நாள் தொழுகைத் தாள்

பெக்கலோங்கான் மருத்துவமனையின் சலவைக்கூடத்தில் எப்போதும் நீராவி மிதக்கும். அதற்குள் வெள்ளை விரிப்புகள் மேகம்போல் தாழும், மடியும், அடுக்கில் ஏறும். மஸ்ரூரா பதினொரு வருடமாக அங்கே விரிப்பு மடிக்கிறாள். ஒரு மூலைகூடப் பிசகியதில்லை. ஏழு வயதில், நோன்பு நேரத்தில் ஒரு மிடறு தண்ணீர் குடித்ததை யாரும் கேட்காமலே ஒப்புக்கொண்டவள். மடிக்கும்போது அவள் உதடு அசையும். ஓதுகிறாளா, மகள் நைலாவோடு பேசுகிறாளா, யாருக்கும் தெரியாது. மாலை ஷிப்ட் முடிந்து அவள் வீடு சேர்வதற்குள் நைலா தூங்கியிருப்பாள்.

காலை ஷிப்டில் ஓர் இடம் காலியானது. அதிக மதிப்பெண் எடுப்பவருக்கு அது. பாதி மதிப்பெண் வேலைக்கு. மீதி, ஊழியர்கள் தாங்களே நிரப்பி மேற்பார்வையாளர் ஃபிக்ரியிடம் தரும் மாதாந்திரத் தொழுகைத் தாளுக்கு.

பட்டியலில் மஸ்ரூரா மூன்றாவது. அவளோடு விரிப்பு மடிக்கும் ருக்காயாவும் ஹெர்லினாவும் அவளுக்கு முன்னால். அவர்கள் தாள்களில் முப்பது நாளும் ஐந்து வேளையும் டிக். அவள் தாளில் ஏழு நாள் காலி.

“முப்பது நாளுமாடி? ரெண்டு பேரும் சேந்தாப்புல முழுகாம இருக்கீங்களா?” என்று கேட்டாள் மஸ்ரூரா.

“கட்டத்த நிரப்பச் சொன்னாங்க, நிரப்புனோம் அக்கா,” என்றாள் ஹெர்லினா.

“ஃபிக்ரி சாருக்குக் கல்யாணமே ஆகல. அவருக்கு எங்க தெரியப்போவுது,” ருக்காயா சிரித்தாள்.

சொன்னால் இவர்கள் மாட்டுவார்கள். சொல்லாவிட்டால் காலை ஷிப்ட் இல்லை, விழித்திருக்கும் நைலா இல்லை. பிற்பகல் அஸர் தொழுகையில் மஸ்ரூராவின் நெற்றி தரையில் வெகுநேரம் இருந்தது. தரை குளிர்ந்திருந்தது, உடம்பு எடையற்று, ஈரவிரிப்பு காய்ந்து லேசாவதுபோல் ஆயிற்று. எழுந்து நேரே மேற்பார்வையாளர் ஃபிக்ரியிடம் போனாள்.

“சார், என் தாள்ல காலியா இருக்குற ஏழு நாள விட்டதா எண்ணிட்டீங்க.”

“விட்டதுதானே அக்கா?”

“பொம்பளைங்களுக்கு அந்த நாள்ல தொழுகையே கிடையாது சார். தொழுதாதான் தப்பு.”

ஃபிக்ரியின் காது சிவந்தது. மற்ற இரண்டு தாள்களையும் எடுத்துப் பார்த்தான்.

“அப்ப இதெல்லாம்...”

“அது அவங்களுக்கும் அல்லாவுக்கும் நடுவுல சார். நான் என் தாளப் பத்தி மட்டுந்தான் பேச வந்தேன்.”

அவன் மூன்று தாள்களையும் ஒன்றாக அடுக்கினான். “எல்லாத் தாளும் அவங்கவங்களுக்கும் அல்லாவுக்கும் நடுவுலதானே அக்கா,” என்றான். “மேலிடத்துல பேசிக்கிறேன்.”

அடுத்த வாரம் ஒட்டிய பட்டியலில் வேலை மதிப்பெண் மட்டும் இருந்தது. முதல் பெயர் மஸ்ரூரா. ருக்காயா இரண்டு நாள் முகம் கொடுக்கவில்லை. மூன்றாம் நாள் வந்து விரிப்பின் மறுமுனையைப் பிடித்தாள்.

திங்கட்கிழமை மூன்று மணிக்குப் பள்ளியிலிருந்து வந்த நைலா, வீட்டுக்குள் அம்மாவைப் பார்த்ததும் வாசலிலேயே நின்றாள்.

“அம்மா, உடம்பு சரியில்லையா?”