பட்டைத் தொட்டியில் பதமான கால்கள்

கர்த்தருக்குள் அன்பான சகோதர சகோதரிகளே, நான் பின்னாளில் ஒரு பத்திரிகைக்கு ஊர்ச் செய்தி எழுதி அனுப்பியவன். கண்டதைக் கூட்டாமல் சொல்லப் பழகியிருக்கிறேன். இதையும் அப்படியே சொல்கிறேன்.

வேலூருக்கு மோட்டார் பஸ் ஓடத் தொடங்கியிருந்த காலம். ஆம்பூரில் தோல் பதனிடும் ஒரு ஷாப்பில் வேலை செய்துவந்தேன். தோலிலிருந்து மயிர் கழல்வதற்காக அதைச் சுண்ணாம்புத் தொட்டியில் ஊறப்போடுவார்கள். நீண்ட இடுக்கியால் அதை இழுத்துப் புரட்டுவது என் வேலை. எங்கள் குடியிருப்பு அந்தத் தொட்டிகளை ஒட்டியே இருந்தது. என் மகன் சாமுவேலுக்கு நடக்கத் தெரிந்த நாளிலிருந்தே இளைப்பு இருந்தது. நாலு எட்டு வைத்தால் உட்கார்ந்துவிடுவான்.

வேலூர் மிஷன் ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா அவன் மார்பில் குழலை வைத்துக் கேட்டார்.

"மருந்து குடுக்கறேன். ஆனா அந்தச் சுண்ணாம்புக் காத்துலயே வச்சிருந்தா புள்ள தாங்காது. எடத்த மாத்துங்க."

எங்கே மாற்றுவது? வீடு ஷாப்பு கொடுத்தது. வேலையை விட்டால் வீடும் போய்விடும். திரும்பி வருகிற வழியெல்லாம் என் மனைவி சாராள் அவனை இடுப்பிலிருந்து இறக்கவே இல்லை.

ஈஸ்டருக்கு முந்தின லெந்து நாட்களில் எங்கள் சபை உபதேசியார் ஒரு செய்தி கொண்டுவந்தார். மாதனூரிலிருந்து ஒடுகத்தூர் வரை தபால் பை சுமந்து ஓட ஒரு ரன்னர் தேவை. ஒடுகத்தூரில் தங்க ஒரு குடிசையும் உண்டு. மலையடிவாரம், கடலைக் கொல்லைகள், சுத்தமான காற்று. எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள் பலர் கேட்டிருந்ததால், தபால் ஓவர்சீயர் எல்லோரையும் ஓடவிட்டுப் பார்த்து எடுக்கப்போகிறார். ஈஸ்டர் கழிந்ததும் ஓட்டம்.

எனக்குப் படிப்பு இருந்தது. கால்தான் இல்லை. சுண்ணாம்பு நீர் அரித்து, இரண்டு பாதங்களிலும் விரலிடுக்கு முதல் குதிகால் வரை வெடிப்பு. பாலாற்று மணலில் ஓடிப் பழகினேன். ரத்தத்தில் மணல் ஒட்டிக்கொண்டது. நானும் சாராளும் முழங்காலில் நின்று ஒரே காரியத்தைக் கேட்டோம்: ஆண்டவரே, இந்தக் காலை ஆற்றித் தாரும்.

ஓட்டத்தன்று லீவு வேண்டுமென்று மேஸ்திரியிடம் கேட்டேன். அவர் சிரித்தார்.

"இன்னாடா, தபால்காரனாவப் போறியா? ஓடறதுக்கு அவ்ளோ ஆசயா? நாளைலருந்து பட்டத் தொட்டில எறங்கி ஓடு. அங்க ஆளு கம்மி."

ஆவாரம்பட்டைச் சாறு நிரம்பிய தொட்டி அது. அதில் இறங்கி, நாளெல்லாம் தோலை மிதிக்க வேண்டும். பிறகு சொட்டச் சொட்ட அந்தத் தோலைத் தோளில் தூக்கி அடுத்த தொட்டிக்குக் கொண்டுபோக வேண்டும். வெடித்த காலுடன் இறங்கிய முதல் நாள் வாய்விட்டுக் கத்தினேன். ஆற்றும் என்று கேட்டேன், எரியவிட்டார். அன்றோடு ஜெபிப்பதை விட்டுவிட்டேன். சாராள் அழைத்தபோது, "நீயே கேட்டுக்கோ" என்றேன்.

எரிச்சல் எப்போது நின்றது என்று என்னால் சொல்ல முடியவில்லை. ஒருநாள் சாராள் என் காலைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தாள். வெடிப்புகள் மூடியிருந்தன. உள்ளங்கால் செம்மண் நிறத்தில் தடித்து, தட்டினால் சத்தம் வந்தது.

"இன்னாங்க, காலயும் பதம் போட்டுட்டாங்களா? ஜாக்கிரத, தோலோட தோலா மெட்ராசுக்கு ஏத்திடப் போறாங்க."

பல மாதங்களுக்குப் பிறகு அவள் சிரித்ததை அன்று பார்த்தேன். அந்த மாலை நானே முழங்காலிட்டேன்.

மேஸ்திரி கடைசிவரை லீவு தரவில்லை; ஒருநாள் கூலியை விட்டுவிட்டு மாதனூருக்குப் போனேன். ஓட்டத்திற்கு வந்தவர்களில் முனுசாமி என்கிற ஒடுகத்தூர்க்காரன்தான் ஓடுவதில் கெட்டிக்காரன் என்று எல்லோரும் சொன்னார்கள். மாடு மேய்த்துக்கொண்டே ராப்பள்ளியில் எழுத்துப் படித்தவன். ஒல்லியான, நீண்ட கால்கள். அவன் என் பாதத்தைப் பார்த்தான்.

"இன்னா தோஸ்த், மருதாணி வச்சிகினு வந்துகீற? கண்ணாலமா?"

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

அப்போது ஓவர்சீயர் ஈரமணல் நிரப்பிய பைகளை இறக்கிவைத்தார். "வெறுங்கைய வீசிகினு ஓட இன்னா இருக்குது? பை தோள்ல இருக்கணும். கீழ வச்சா ஆட்டத்துல இல்ல."

பையைத் தூக்கினேன். நனைந்த தோலைவிட அது ஜாஸ்தி கனமில்லை.

கப்பிக்கல் ரோடு. வெயில் ஏறிவிட்டிருந்தது. முனுசாமி எடுத்த எடுப்பிலேயே முன்னே போய்விட்டான். நான் வேகத்தைக் கூட்டவில்லை, குறைக்கவும் இல்லை. பாதி வழிக்குமேல் அவன் பையைத் தோள் மாற்றத் தொடங்கினான். மாற்றும் ஒவ்வொரு முறையும் அவன் நடை தடுமாறியது. நான் ஒரே தோளில் வைத்திருந்தேன். அவனைத் தாண்டும்போது மூச்சிரைக்கச் சொன்னான்:

"போ மாப்ள, போ. பொண்ணு காத்துகினுகீறா."

ஒடுகத்தூர் தபாலாபீஸ் வாசலில் என் பைதான் முதலில் இறங்கியது. "திங்கக்கெழம வந்துடு" என்றார் ஓவர்சீயர். அவ்வளவுதான்.

நான் கேட்டது காலுக்கு மருந்து. தோளுக்கும் தொடைக்கும் பலம் வேண்டுமென்று கேட்கத் தெரியவில்லை. பை வரும் என்று எனக்குத் தெரியாது, அவருக்குத் தெரியும். முனுசாமியும் தன் சாமியை வேண்டிக்கொண்டுதான் வந்திருப்பான். அதற்கு என்னிடம் விடை இல்லை. இல்லாததைச் சொல்லமாட்டேன்.

சாமுவேலின் இளைப்பு ஒரே நாளில் நிற்கவில்லை. மழைக்காலத்தில் இரண்டு முறை பயமுறுத்தியது. ஆனால் அடுத்த கடலை அறுவடையின்போது ஒரு காலை, நான் பையுடன் புறப்பட்டேன். பின்னால் சின்னக் காலடிச் சத்தம்.

"நைனா, நானும்!"

"டேய், ஓடாதடா!" என்று சாராள் கத்திக்கொண்டு பின்னால் வந்தாள்.

அவன் நிற்கவில்லை. கொல்லை ஓரம் முழுவதும் ஓடி வந்து என் காலைக் கட்டிக்கொண்டான். குனிந்து அவன் மார்பில் காதை வைத்தேன். விசில் சத்தம் இல்லை. தபால் அன்று கொஞ்சம் தாமதமாகத்தான் போய்ச் சேர்ந்தது.

அன்பானவர்களே, உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு பிள்ளை இருக்கலாம். கேளுங்கள். கேட்டதற்கு எதிராக நடப்பதுபோல் தெரிந்தாலும் கேளுங்கள். உங்களால் முடியாத நாட்களில், வீட்டில் இன்னொருவரைக் கேட்கச் சொல்லுங்கள். நான் வாய் மூடியிருந்த நாட்களிலெல்லாம் சாராள்தான் கேட்டுக்கொண்டிருந்தாள். ஸ்தோத்திரம்.